முன்றிலில் ஓர் இடம்: நாயும் நம் பொதுவிடங்களும்

முன்னுரை

மகிழுந்து என்பது நடுத்தரக் குடும்பத்தார்க்கு வெறும் ஊர்தி அன்று. பல்லாண்டுச் சேமிப்பும் வங்கிக் கடனும் கூடி வாசலில் வந்து நின்ற செல்வம் அது. இருக்கைகளின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறையை நீக்கவும் மனம் வராமல் மாதக்கணக்கில் ஓட்டுவோர் உண்டு. முன்கண்ணாடியில் 'மாஷா அல்லாஹ்' என்று எழுதி ஒட்டுவோரும், எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்துக் கட்டுவோரும் உள்ளத்தில் வேண்டுவது ஒன்றையே. இத்துணை அருமையாகப் போற்றப்படும் ஊர்தியில் ஒரு நாயை ஏற்றலாமா? வினா சிறிது போலத் தோன்றும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

ஈராண்டுகளுக்கு முன், மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலைப்பொழுதில், நம் கல்லூரியின் அறிவியல் துறையொன்றில் பணியாற்றும் நண்பர் என் இல்ல வாயிலில் வந்து நின்றார். அவர் கைகளில் சாக்கில் பொதிந்த நாய். வண்டி மோதிப் பின்னங்கால் முறிந்திருந்தது. கால்நடை மருத்துவமனை நான்கு கல் தொலைவு. நான் மகிழுந்து வாங்கி நாற்பது நாள்கூட நிறைந்திருக்கவில்லை. பின்னிருக்கையில் உம்மாவின் தொழுகை விரிப்பு மடித்து வைக்கப்பட்டிருந்தது. "பேட்டரி இறங்கிவிட்டது சார்" என்றேன். அது பொய். அவர் மறுமொழி ஏதும் கூறாமல் ஆட்டோ தேடி நடந்தார்.

அன்று நான் மறைந்து நின்றது மார்க்கத்தின் பின்னாலா, அன்றி இருக்கையின் புதுமைக்குப் பின்னாலா என்ற ஐயம் நெடுநாள் என்னை விடவில்லை. அவ்வையத்தைத் தீர்த்துக்கொள்ளப் படித்தவற்றின் பயனே இக்கட்டுரை. தீர்ப்பு வழங்கும் தகுதி எனக்கு இல்லை. அஃது ஆலிம் பெருமக்களின் பணி. தமிழும் ஓரளவு மார்க்க நூல்களும் பயின்ற ஒருவன் தனக்குத் தெளிந்தவற்றை மாணவர் முன் வைப்பதாக மட்டும் இதனைக் கொள்க.

முன்றில் என்னும் சொல்

நாய்க்குத் தமிழர் கொடுத்த இடம் யாது என்பதை ஒரு சொல்லிலிருந்தே தொடங்கலாம். இலக்கணப்போலிக்கு நாம் வகுப்பில் கூறும் முதல் எடுத்துக்காட்டு 'முன்றில்'. இல்லின் முன் என்பதே சொல் முன்பின்னாக மாறி முன்றில் ஆயிற்று. அது வீடும் அன்று, வெளியும் அன்று. வீட்டுக்காரர்க்கும் வழிப்போக்கர்க்கும் உரிய இடைநிலம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலையைக் காட்டுமிடத்து, புலிமுத்திரை பொறித்த மூட்டைகள் மலைபோல் குவிந்த முன்றிலில் ஆண்நாயும் ஆட்டுக்கிடாயும் தாவித் திரிவதை மலைச்சாரலில் வருடையாடுகள் தாவுவதற்கு ஒப்பிடுகின்றார். பேரரசின் சுங்கப்பொருள் அடுக்கிய இடம் அது, காவல் கடுமையானது. ஆயினும் அங்கே நாய் துரத்தப்படவில்லை. நம் புலவர் கண்ணுக்கு அஃது அழகாகவே பட்டிருக்கின்றது.

அகநானூற்றின் 122ஆம் பாட்டில் பரணர் காட்டும் நாய் வேறுவகை. இரவுக்குறிக்கு வரும் இடையூறுகளைத் தலைவி அடுக்கிக்கொண்டே போகிறாள். அன்னை உறங்கினால் காவலர் உறங்கார். காவலர் ஓய்ந்தால் வாலை வலமாகச் சுருட்டிய நாய் குரைக்கும். ஊரின் காவல் ஒழுங்கில் நாயும் ஓர் உறுப்பாக எண்ணப்பட்டமை இதனால் விளங்கும். தொல்காப்பிய மரபியலோ நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்கும் குருளை என்ற பெயரைப் பொதுவாக்குகின்றது. புலிக்குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே பெயர் வழங்கிய மொழியில் பிற்காலத்தே நாய் என்பது வசைச்சொல்லாக நிலைத்தது வியப்பே. அடியார்கள் இறைவன் முன் தம்மைத் தாழ்த்திக்கொள்ளத் தேர்ந்த சொல்லும் அதுவே. மாணிக்கவாசகர் தம்மை நாயாகக் கூறிக்கொள்ளும் இடங்கள் பல.

நாலடியார் ஒன்றே இவ்வசைக்கு நேர்மாறாக நின்று பேசுகின்றது. யானை போன்ற பெரியாரின் நட்பை விடுத்து நாய் போன்றாரின் நட்பையே கொள்க என்கின்றது அது. நெடுநாள் பழகிய பாகனையும் யானை கொல்லும். எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் நாய் வாலைக் குழைக்கும் என்பது அதன் காரணம். இதே கருத்தை ஒரு முழு நூலாக்கியவர் பக்தாதில் வாழ்ந்து கி.பி. 921இல் மறைந்த அறிஞர் இப்னுல் மர்ஸுபான். ஆடை அணிந்தோர் பலரினும் நாய்கள் மேம்பட்டவை என்பதே அவருடைய நூலின் தலைப்பு. மக்களின் நன்றியின்மையைக் கண்டு மனம் வெதும்பியவர், நாயின் நன்றியறிதலைக் கதை கதையாகத் தொகுத்தார். அவருக்கும் முன்னரே பஸராவின் அல்-ஜாஹிஸ், தம் 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலில், நாய் சிறந்ததா சேவல் சிறந்ததா என இருவர் வழக்காடுவதாக நீண்டதொரு பகுதி அமைத்தார். முஸ்லிம்களுக்கு நாய் என்றாலே வெறுப்பு என்று பேசுவோர் இவற்றை அறிந்திலர். நம்மவர் பலரும் அறிந்திலர் என்பதுதான் வருந்தத்தக்கது.

குகையின் வாயில்

திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயமாகிய அல்-கஹ்ஃபு, கொடுமைக்கு அஞ்சிக் குகையில் புகுந்து நெடுங்காலம் உறங்கிய இளைஞர்களின் வரலாற்றைக் கூறுகின்றது. வெள்ளிதோறும் நம் இல்லங்களில் ஓதப்படும் அத்தியாயம் அது. அவர்களுடைய நாய் தன் முன்னங்கால்களை 'வஸீத்'தில் நீட்டிக் கிடந்தது என்கிறது 18ஆம் வசனம். வஸீத் என்பதற்கு வாசற்படி என்றும், வாயில் முற்றம் என்றும் விரிவுரையாளர் பொருள் கூறுவர். நம் முன்றிலுக்கு இதனினும் நெருங்கிய அரபுச் சொல்லை நான் அறியேன். அடுத்து 22ஆம் வசனம், அவ்விளைஞர்கள் எத்துணைப் பேர் என்று மக்கள் வாதிடுவதைச் சொல்கிறது. மூவர், நான்காவது நாய். ஐவர், ஆறாவது நாய். எழுவர், எட்டாவது நாய். எண்ணிக்கையில் கருத்து வேறுபட்டோர் எவரும் நாயை எண்ணாமல் விடவில்லை. நல்லோருடன் வந்தமையால் அது கணக்கில் சேர்ந்தது. ஆயினும் உள்ளே அன்று, வாயிலில். இவ்விரண்டும் ஒருங்கே நோக்கற்பாலன.

நபிமொழிகளிலும் இவ்விரு முகங்களும் உள. கால்நடை காத்தல், வேட்டை, வேளாண்மை ஆகியவற்றிற்கன்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலி நாள்தோறும் குறையும் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் வந்துள்ளது. நாயும் உருவப்படமும் உள்ள வீட்டில் வானவர் நுழையார் என்பதும் அவ்வாறே. வீட்டுக் காவலுக்கு வளர்ப்பதும் ஆகும் என்பதே ஏற்புடைய கருத்து என இமாம் நவவீ (ரஹ்) உரைத்துள்ளார்கள். மறுபுறம், தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் முகந்து தந்த ஒருவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்பதும் அதே தொகுப்புகளில் உள்ளதே. அவ்வாறே ஒரு விலைமகளும் மன்னிக்கப்பெற்றாள். அந்த நீரை முகந்தது வாளியால் அன்று, தாம் காலில் அணிவதனால் என்பதை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம்.

மக்கா வெற்றிக்காகப் பதினாயிரவர் கொண்ட படை சென்றபோது, வழியில் குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த நாயொன்றைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், படையினர் எவரும் அதற்கு இடையூறு செய்யாவண்ணம் ஒரு தோழரைக் காவல் நிறுத்தினார்கள் என்று வாகிதி தம் வரலாற்று நூலில் எழுதுகின்றார். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு நிகழ்ச்சி இது. இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியில் வரும் செய்தி ஒன்று, பெருமானார் (ஸல்) காலத்தில் மதீனாப் பள்ளிக்குள் நாய்கள் வந்து போயின என்றும், அதற்காக நீர் தெளிக்கப்பட்டதில்லை என்றும் கூறுகின்றது. பள்ளிக்குக் கதவுகள் அமையாத தொடக்கக்காலம் அது என்பது உரையாசிரியர் விளக்கம். கதவு வந்தபின் நிலை மாறியிருக்கலாம். துரத்தியடிக்கும் ஆவேசம் அப்போதும் இருந்ததில்லை என்ற அளவில் இச்செய்தி எனக்குப் போதும். உயிர்களிடத்து அண்ணலார் காட்டிய பரிவை நம் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலமாக விரித்துப் பாடியதையும் ஈண்டு நினைவுகூரலாம்.

நஜீஸும் தீட்டும்

இக்கட்டுரையின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர். உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுமையாகவே கடும் நஜீஸ். ஈரத்துடன் பட்ட இடத்தை ஏழுமுறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால். ஹனஃபிகளிடம் உமிழ்நீரே நஜீஸ், உடல் அன்று என்பது வலுவான கருத்து. மூன்றுமுறை கழுவுதல் கடமை. மாலிகிகளோ நாயைத் தூயதென்றே கொள்வர். நாய் வாய்வைத்த பாத்திரத்தைக் கழுவுவது அவர்களுக்குக் கட்டளைக்குப் பணிதல் மட்டுமே. நான்கு இமாம்களுள் எவரும் வழிகேடர் அல்லர் என்று நாம் ஒப்புக்கொள்வோமாயின், இவ்வேறுபாட்டையும் அமைதியுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

மிகக் கடுமையான ஷாஃபிஈ கருத்தையே எடுத்துக்கொள்வோம். நான் பிறந்த குடும்பமும் அம்மரபினதே. அங்கும், உலர்ந்த நாய் உலர்ந்த ஆடையில் பட்டால் நஜீஸ் ஒட்டாது. ஈரம் பட்டால் கழுவினால் நீங்கும். கழுவியபின் அந்தப் பொருள் முன்போலவே தூயது. அதில் எவ்விதக் குறையும் எஞ்சாது. நாயைத் தொட்டவர் பாவி ஆவதில்லை. தொழுகைக்கு முன் கழுவிக்கொண்டால் போதும்.

இதனைத் 'தீட்டு' என்று மொழிபெயர்த்ததால் நேர்ந்த குழப்பம் பெரிது. தீட்டு என்னும் தமிழ்ச்சொல் தன்னோடு ஒரு சமூக வரலாற்றையே சுமந்து வருகின்றது. பிறப்பால் ஒட்டிக்கொள்வதும், கழுவினும் போகாததும், நிழல் பட்டாலும் பரவுவதுமாகிய ஒன்றை அச்சொல் குறித்துவந்தது. மனிதரை மனிதர் ஒதுக்கப் பயன்பட்ட சொல் அது. நஜீஸ் என்பதோ நீருக்கும் மண்ணுக்கும் கட்டுப்பட்டது. அண்டை வீட்டாரின் பழக்கத்தால் அச்சொல் நம் இல்லங்களுள்ளும் புகுந்து, சொல்லோடு பொருளும் புகுந்துவிட்டது. நாயைக் கண்டதும் கல்லெடுக்கும் சிறுவனுக்கு எந்த மத்ஹபும் அதனைக் கற்பிக்கவில்லை.

என் செய்திக்கு மீள்கிறேன். அன்று மாலை என் வாகனத்தின் இருக்கைகளில் பிளாஸ்டிக் உறை நீக்கப்படாமலே இருந்தது. நாய் சாக்கில் பொதியப்பட்டிருந்தது. உம்மாவின் விரிப்பை எடுத்து வீட்டினுள் வைக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். கழுவ வேண்டியதாயின் உறையைக் கழுவியிருக்கலாம். முற்றத்தில் மண்ணுக்குக் குறைவில்லை. ஆகவே மார்க்கம் என்னைத் தடுக்கவில்லை என்பது தெளிவாயிற்று. வேறொன்று தடுத்தது.

பார்வையற்றவரும் வாடகை ஊர்தியும்

சொந்த ஊர்தியிலேனும் மறுக்கும் உரிமை உண்டு எனலாம். கூலிக்கு ஓட்டும் ஊர்தியின் நிலை என்ன? அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் - செயின்ட் பால் விமான நிலையத்தில் வாடகை மகிழுந்து ஓட்டுவோரில் பெரும்பாலோர் சோமாலியாவிலிருந்து குடியேறிய முஸ்லிம்கள். அவர்களுள் ஒரு சாரார் மதுப்புட்டி வைத்திருந்த பயணிகளையும், சிலர் நாயுடன் வந்தோரையும் ஏற்ற மறுத்தமையால் வழக்கு மூண்டது. 2007இல் விமான நிலைய ஆணையம் விதியை இறுக்கியது. முதன்முறை மறுத்தால் 30 நாள் உரிமம் நிறுத்தப்படும். மறுமுறை மறுத்தால் ஈராண்டு பறிக்கப்படும். ஓட்டுநர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவ்வூர்தியே அவர்க்குப் பிழைப்பு. ஆடை மாற்ற இடமின்றி அடுத்த வேளைத் தொழுகையை அதே ஆடையில் அவர் நிறைவேற்ற வேண்டும். ஆயினும் பின்னிருக்கையின் கீழே படுத்திருக்கும் நாய்க்கும் முன்னிருக்கையில் உள்ள ஓட்டுநர்க்கும் இடையே ஈரம் கடப்பது அரிது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், மாற்றுத்திறனாளிக்குத் துணைவரும் பயிற்சி பெற்ற நாயைக் கூடுதல் கட்டணமின்றி ஏற்ற வேண்டும் என்கின்றது. ஓட்டுநர்க்கு மருத்துவக் காரணம் இருந்தாலன்றி விலக்கு இல்லை.

அந்நாட்டின் லெஸ்டர் நகரில் 2008இல் நிகழ்ந்தது இதனினும் சிறப்பு. பார்வையற்ற முஸ்லிம் மாணவர் ஒருவர்க்கு வழிகாட்டி நாய் துணை. பள்ளிவாசலுக்கு அவர் எப்படி வருவது? அங்குள்ள ஷரீஅத் அவை ஆராய்ந்து, நாய் அவரைப் பள்ளிவாசல் வரை அழைத்து வரலாம் என்று தீர்ப்பளித்தது. பள்ளியின் நுழைவாயிலில் நாய் இருப்பதற்கென ஓரிடம் அமைத்தனர். மாணவர் உள்ளே தொழ, நாய் வாயிலில் காத்திருந்தது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நாம் ஓதிவரும் வஸீத் என்னும் சொல் அவ்வூரில் ஒரு தரையிடமாயிற்று என்றே எனக்குத் தோன்றியது.

பார்வையற்றவரை ஏற்ற மறுப்பதில் நாய் மட்டுமா மறுக்கப்படுகின்றது? திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயம் தொடங்குவதே பார்வையற்ற ஒருவர் வந்தபோது முகம் திருப்பியமை பற்றிய இறைவனின் திருத்தத்துடன்தான். அந்தத் தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி), பின்னர் மதீனாவின் பாங்கொலிப்பாளருள் ஒருவராகச் சிறந்தார். பார்வையற்ற மாணவர்கள் நம் கல்லூரிகளிலும் பயில்கின்றனர். நம் நாட்டில் வழிகாட்டி நாய்கள் அரிது. நம் சாலைகளில் அவை நடப்பதும் எளிதன்று. நாளை அத்தகைய மாணவர் ஒருவர் நாயுடன் நம் துறைக்கு வந்தால் எந்த இடத்தை நாம் காட்டப்போகின்றோம் என்று மூத்தோர் இப்போதே எண்ணிவைத்தல் நன்று.

நாய் வளர்ப்போர் நோக்கி

இதுவரை கூறியவை நம்மவரை நோக்கியவை. நாய் வளர்ப்போரிடமும் ஒன்று கேட்க வேண்டும். பொதுவிடம் என்பது பலருடைய அச்சத்திற்கும் பழக்கத்திற்கும் உரியது. நாயை அவிழ்த்துவிட்டு, "ஒன்றும் செய்யாது" என்று தொலைவிலிருந்தே கூறுவது விடையாகாது. தொழுகைக்குக் கிளம்பியவர் மேல் ஈரமூக்குடன் பாய்ந்த நாயைச் செல்லம் என்று சிரிப்பதும் அத்தகையதே. விலகி நிற்பவர் வெறுப்பவர் என்று முடிவு கட்டுதலும் தகாது. அவர் அடுத்த வேளைத் தொழுகையை எண்ணி நிற்கலாம், அல்லது இளமையில் கடிபட்டிருக்கலாம்.

நம் இரயில்வே இதற்கொரு பழைய வழியை வைத்திருக்கின்றது. குளிர்சாதன முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் பதிவு செய்தோர் நாயை உடன் கொண்டு செல்லலாம். இல்லையேல் அது காவலர் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் பயணம் செய்யும். கூண்டின் வெப்பத்தைக் கண்டவர்கள் அதனை முழு நியாயம் என்னார். எனினும் உடன் இருப்போரின் இசைவே அளவுகோல் என்ற கருத்து அதில் உண்டு.

தெருநாய் பற்றிய வழக்கு தனியே பேசத்தக்கது. 2025 ஆகஸ்டு 22இல் உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாய்களை, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விட ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பர் 7இல், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து, இரயில் நிலையங்கள் முதலியவற்றிலிருந்து அவற்றை அகற்றிக் காப்பகத்தில் வைக்குமாறு பணித்தது. வெறிநாய்க்கடி நோய் முற்றியபின் மருந்தில்லாதது; ஆதலால் அந்த அச்சத்தை எள்ளுதல் கூடாது. கடிபட்டவர் உடனே சோப்பும் நீரும் கொண்டு காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவித் தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும் என்பதை மாணவர் மனத்தில் இருத்துக. அகற்றுவதற்கும் துன்புறுத்துவதற்கும் இடையே உள்ள தொலைவையும் இருத்துக. கல்லூரி வாயிலில் கிடந்த நாய் மேல் வெந்நீர் ஊற்றப்பட்டதை ஒருமுறை கண்டேன். அதை எந்த நீதிமன்றமும் ஆணையிடவில்லை.

நண்பருடைய நாய் பிழைத்துக்கொண்டது. பின்னங்கால் ஒன்றைத் தாங்கித் தாங்கி நடக்கின்றது. நான் அவர் இல்லத்திற்குச் செல்லும்போதெல்லாம், என் மார்க்கத்தைக் கருதி அதனைக் கொல்லையில் கட்டிவைப்பது அவருடைய வழக்கம். சென்ற நோன்புப் பெருநாளின் மறுநாள் சென்றபோது, கட்ட வேண்டாம், முன்றிலிலேயே இருக்கட்டும் என்றேன். அவர் சற்று வியந்து பார்த்தார். அது என்னருகில் வரவில்லை. வாசற்படியோரம் படுத்து முன்னங்கால்களை நீட்டிக்கொண்டது. நாங்கள் தேநீர் அருந்தித் தேர்வுத்தாள் திருத்துவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேட்டரி பற்றிய உண்மையை அன்றும் நான் கூறவில்லை. இம்மலரின் ஒரு படி அவர் துறைக்கும் செல்லும்.